கைராசியா, வெப்பமானியா?

மார்கழி பிறந்ததும் புதுச்சேரி நர்சரிகளில் ஒரு சின்னச் செடிக்குக் கிராக்கி வந்துவிடும். மூன்று மூன்றாகப் பிரிந்த இலை, வெள்ளைப் பூ, அதனடியில் சிவப்பாக ஒன்றிரண்டு ஸ்ட்ராபெரிப் பழம். பழத்தோடு நிற்கும் செடியைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? வீட்டுக்குக் கொண்டுவந்து மாடியில் வைக்கிறோம். இருந்த பழம் பழுக்கிறது. வீடே கூடி ஆளுக்கொரு துண்டு தின்கிறது. பிறகு பூ இல்லை. பங்குனி வெயிலில் இலையின் ஓரம் கருகுகிறது. சித்திரையில் தொட்டி காலி. உடனே வீட்டில் ஒரு தீர்ப்பு வரும்: "உனக்குக் கைராசி இல்லைடா. ஆயா வைத்திருந்தால் பிழைத்திருக்கும்."

இந்தக் கைராசி என்ற சொல்லோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு. செடி செத்துப்போனதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஏன் செத்தது என்ற கேள்வியையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். செய்முறை வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைப் பார்க்கிறேன். தனி ஊசலை ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடச் சொன்னால், சில மாணவர்கள் முதலில் விடையை எழுதுகிறார்கள்: 9.8. பிறகு அந்த விடைக்குப் பொருந்துகிற அளவீடுகளை மேலே நிரப்புகிறார்கள்! அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விடை புத்தகத்திலேயே அச்சாகியிருக்கும்போது ஊசலை யார் நம்புவார்கள்? பழக்கமில்லாத பழச்செடி ஒன்றை உங்கள் வீட்டுத் தொட்டியில் வைத்துப் பார்ப்பது அப்படியல்ல. உங்கள் மாடி, உங்கள் கிணற்று நீர், உங்கள் தெருக் காற்று இவற்றில் அது என்ன செய்யும் என்பது எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இல்லை. பள்ளி மாணவர் ஒருவர் கையில் கிடைக்கக்கூடிய உண்மையான ஆராய்ச்சி இது. இதைக் கைராசிச் சோதனையாக்கி வீணடிக்காதீர்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

ஸ்ட்ராபெரியின் கதையே இதற்கு நல்ல சாட்சி. 1712ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு ஃப்ரெசியே என்ற பொறியாளரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பியது. வணிகரைப் போலச் சென்று, சிலி, பெரு நாடுகளின் கடற்கரையில் ஸ்பானியர் கட்டியிருந்த கோட்டைகளை வேவு பார்த்து வரைபடம் வரைவது அவர் வேலை. கோட்டைகளோடு அவர் இன்னொன்றையும் பார்த்தார். சிலி நாட்டில் மக்கள் பயிரிட்டு வந்த ஒரு ஸ்ட்ராபெரி, ஐரோப்பாவின் காட்டுப் பழத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. நன்றாகப் பழம் தாங்கிய செடிகளாகப் பார்த்துக் கப்பலில் ஏற்றினார். ஆறு மாதப் பயணம். குடிநீருக்கே தட்டுப்பாடு. 1714இல் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது உயிரோடிருந்தவை ஐந்தே செடிகள். (பிரெஞ்சு மொழியில் ஸ்ட்ராபெரிக்கு 'ஃப்ரேஸ்' என்று பெயர். ஃப்ரெசியே என்ற குடும்பப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பெயர்ப் பொருத்தம் பாருங்கள்!)

செடிகள் நன்றாக வளர்ந்தன, பூத்தன, பழுக்கவில்லை. ஓராண்டு ஈராண்டு அல்ல, பல ஆண்டுகள் பெரும்பாலான தோட்டங்களில் இதே கதை. கைராசி என்று சொல்வதாக இருந்தால் பிரான்ஸ் தேசத்துத் தோட்டக்காரர் அத்தனை பேருக்கும் கைராசி இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். காரணம் வேறு. சிலி ஸ்ட்ராபெரியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெரிய பழம் தாங்கியவற்றையே தேர்ந்தெடுத்ததால் ஃப்ரெசியே கொண்டுவந்தவை பெண் செடிகளாக அமைந்துவிட்டன போலும். மகரந்தம் தர ஆள் இல்லை.

இதைப் பிடித்தவர் யார் தெரியுமா? வெர்சாயில் வாழ்ந்த துய்ஷேன் என்ற இளைஞர். 1764இல் அவருக்கு வயது 17. உங்களைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். பழுக்காத சிலிச் செடியின் பூக்களை உற்றுப் பார்த்தார். மகரந்தப் பைகள் மலடாக இருந்தன. பக்கத்தில் வேறோர் இன ஸ்ட்ராபெரியை வைத்து மகரந்தம் சேரச் செய்தார். பழுத்தது. அந்தத் தொட்டியை அவ்வாண்டு ஜூலையில் பதினைந்தாம் லூயி மன்னருக்கே காட்டினார். இரண்டாண்டு கழித்து, 19ஆம் வயதில், ஸ்ட்ராபெரிகளின் இயற்கை வரலாறு பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இன்று நாம் கடையில் வாங்கும் பெரிய ஸ்ட்ராபெரி, சிலிச் செடியும் வட அமெரிக்க வர்ஜீனியாச் செடியும் ஐரோப்பியத் தோட்டத்தில் அடுத்தடுத்து வளர்ந்தபோது பிறந்த கலப்பினம். அதையும் அந்த நூலில் அவர் ஊகித்துச் சொன்னார். தோட்டக்காரர் பலர் ஐம்பது ஆண்டுகள் பார்த்த அதே பூதான். அவர் அதனிடம் ஒரு கேள்வி கேட்டார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரி மாடியில் ஸ்ட்ராபெரி ஏன் பழுப்பதை நிறுத்திக்கொள்கிறது? இன்று விற்கும் வகைகளில் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. ஆகவே ஃப்ரெசியேயின் சிக்கல் இங்கில்லை. வெளிச்சம் போதவில்லையா? பலரும் அப்படி நினைத்துத் தொட்டியை இன்னும் வெயிலுக்குத் தள்ளுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறோம். நம்முடைய மிக நீண்ட பகல் ஜூன் மாதத்தில் 12 மணி 50 நிமிடம். மிகக் குறுகிய பகல் டிசம்பரில் 11 மணி 25 நிமிடம். ஸ்ட்ராபெரியின் பெருவாரியான வகைகள் பகல் சுமார் 14 மணிக்குக் குறையும்போது மொட்டுக் கட்டுபவை. பாரீசில் ஜூன் மாதப் பகல் 16 மணிக்கு மேல் போகும். அங்கே செடி இலையுதிர்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் இந்த நிபந்தனை நிறைவேறுகிறது!

பிறகு எங்கே தடை? வெப்பத்தில். சுமார் 25 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இவ்வகைச் செடி மொட்டுக்கான தொடக்கத்தையே ஒத்திப்போடுகிறது. இலையும் ஓடுதண்டும் விட்டுக்கொண்டிருக்கும். நம் ஜனவரி மாதத்தில் இரவின் தாழ்ந்த வெப்பநிலையே 20, 21 டிகிரி. பகலில் 29. கடல் பக்கத்தில் இருப்பதால் இரவில் சட்டென்று குளிர்வதில்லை. நீரின் தன்வெப்பம் அதிகம் என்று பாடத்தில் படித்தீர்களே, அதன் விளைவு உங்கள் தொட்டியில் தெரிகிறது. மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் நம் நாட்டின் ஸ்ட்ராபெரி விளைச்சலில் பெரும்பங்கு தருகிறது. அது கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரத்தில் இருப்பது தற்செயல் அல்ல. நீங்கள் வாங்கிவந்த செடியில் இருந்த இரண்டு பழம் எப்படி வந்தது என்றால், அதன் மொட்டுகள் ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில் முன்பே உருவானவை. புதுச்சேரி அவற்றைப் பழுக்க வைத்தது, அவ்வளவே. புது மொட்டு கட்டச் சொன்னால் செடி மறுக்கிறது.

"அப்படியானால் குளிர்வித்துவிட்டால் போகிறது" என்று உங்களில் ஒருவர் எழுந்து கேட்பது என் காதில் விழுகிறது. பெரிய மண்தொட்டிக்குள் சிறிய மண்தொட்டி, இடையில் ஈர மணல். நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துச் செல்லும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல உள்தொட்டி குளிரும். நல்ல யோசனைதான். ஆனால் எவ்வளவு குளிரும்? ஈரக்குமிழ் வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே அது போகாது. காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வையுங்கள். ஈரக்குமிழ் சுமார் 24½ காட்டும். அதே 28 டிகிரியில் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருக்கும் வறண்ட உள்நாட்டு ஊரில் 17 வரை இறங்கும். ஆக, கடற்கரை ஊரில் மண்பானை உத்தி நமக்குத் தருவது மூன்று நான்கு டிகிரிதான். அந்த மூன்று டிகிரி ஜனவரியில் போதுமா என்பது, பாருங்கள், உண்மையிலேயே சோதித்துப் பார்க்கத் தகுந்த கேள்வி!

இன்னொரு குற்றவாளியும் உண்டு: உப்பு. கடலோரத் தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பது உங்களுக்கே தெரியும். பயிர்களிலேயே உப்பை மிகக் குறைவாகப் பொறுத்துக்கொள்பவற்றுள் ஸ்ட்ராபெரி ஒன்று. மண்கரைசலின் மின்கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு 1 டெசிசீமென்சைத் தாண்டினால், அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் பேனா போன்ற ஒரு மீட்டரைத் தண்ணீரில் நனைத்துக் காட்டி அம்மாவைப் பயமுறுத்துவாரே, அது இதே மின்கடத்துதிறனைத்தான் அளக்கிறது. 1 டெசிசீமென்ஸ் என்பது அந்தக் கருவியில் ஏறத்தாழ 500 முதல் 640 வரை காட்டும். தொட்டியில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்குவதால், ஊற்றும் நீரைவிட மண் இன்னும் உப்பாகும். இலை ஓரம் கருகுவதற்கு வெயிலை மட்டும் திட்டுகிறோமே, இதையும் சந்தேகப்பட வேண்டாமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு குடம் பிடித்து வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உப்பில்லாத நீர் இலவசமாகக் கிடைக்கிறது.

இதுவரை தோல்வியைப் பற்றிப் பேசினோம். வெற்றியும் ஏமாற்றும். அந்தக் கதையின் நாயகர் நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம்.

1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பொம்மை ரயிலையும் நீரூற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். அந்தப் பூங்காவின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தவர் பெரோத்தே என்ற தாவரவியலார். நீலகிரியில் அலைந்து செடிகளைத் திரட்டியவர். 1870இல் புதுச்சேரியிலேயே காலமானார். இவர் இளைஞராக இருந்தபோது பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து 1821இல் பிரான்சுக்கு ஒரு முசுக்கொட்டை வகையைக் கொண்டுபோனார். முசுக்கொட்டை என்றால் மல்பெரி, பட்டுப்புழுவின் தீனி. இவர் கொண்டுபோன வகை ஒரே தூரிலிருந்து பல தண்டு விடும். ஆகவே 'மல்ட்டிகாலிஸ்', அதாவது பல்தண்டு, என்று பெயர் வைத்தார். ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும், வேர் விட்டுவிடும். இலை அகலமானது, வளர்ச்சி வேகமானது.

அந்தச் செடி 1820களில் அமெரிக்காவுக்குப் போனது. 1830களில் அங்கே ஒரு பைத்தியமே பிடித்தது. 'கொல்லையில் மல்ட்டிகாலிஸ் வையுங்கள், பட்டுப் பணம் கொட்டும்' என்று பத்திரிகைகள் எழுதின. பட்டுப்புழுவைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட நாற்று வாங்கினார்கள், விற்பதற்காகவே வாங்கினார்கள், விலை ஏறிக்கொண்டே போனது. 1839இல் விலை சரிந்தது. விற்க முடியாத நாற்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். வெப்ப நாட்டிலிருந்து வந்த செடி வட மாநிலங்களின் பனியைத் தாங்கவில்லை. போதாக்குறைக்கு 1844இல் நோயும் தாக்கியது. மணிலாவில் வேகமாக வளர்ந்தது என்ற செய்தி உண்மை. கனெக்டிகட்டிலும் அப்படியே வளரும் என்பது யாரும் அளந்து பார்க்காத நம்பிக்கை. 'மூன்றே மாதத்தில் கூடை கூடையாகப் பழம்' என்று இன்று வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்றுகள்தான் நினைவுக்கு வரும். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை டிகிரியில் என்று அவற்றில் எழுதியிருக்கிறதா, பாருங்கள்.

செடியின் மீது குற்றமில்லை. பனியில்லாத நம் ஊருக்கு முசுக்கொட்டை பொருத்தமான செடி. ஸ்ட்ராபெரிமேல் ஆசை இருந்தால் வையுங்கள், தடுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் முசுக்கொட்டையையும் வையுங்கள் என்பது என் கட்சி. கறுத்துப் பழுத்த பழம் இனிப்பு, இளம் பழம் புளிப்பு. சட்டையில் பட்டால் கறை போகாது, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். (தாவரவியல்படி ஸ்ட்ராபெரியும் பெரி அல்ல, மல்பெரியும் பெரி அல்ல. கத்தரிக்காயும் தக்காளியும்தான் பெரி! உங்கள் உயிரியல் ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.)

முசுக்கொட்டையை நான் சிபாரிசு செய்வதற்கு ருசியைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரே தாய்ச் செடியிலிருந்து, பென்சில் கனத்தில், மூன்று நான்கு கணுக்கள் உள்ள போத்துகளாக ஆறு வெட்டி மழைக்காலத்தில் நட்டால், ஆறும் ஒரே பாரம்பரியம் உள்ளவை. இரட்டைப் பிள்ளைகளைப் போல, இங்கே அறுவர். பிறகு இவற்றிடையே வேறுபாடு தோன்றினால் அது விதையினால் வந்ததல்ல. நீர், மண், வெயில், கத்தரிப்பு இவற்றால் வந்தது. ஸ்ட்ராபெரியின் ஓடுதண்டில் கிடைக்கும் கன்றுகளுக்கும் இதே நன்மை உண்டு. ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒத்த மாதிரிகளைப் பெற எவ்வளவு பாடுபடுகிறோம் என்று எங்களைக் கேட்டால் தெரியும்.

ஒரே ஒரு செடி வைப்பது சோதனை ஆகாது. அது செத்தாலும் எதனால் என்று தெரியாது, காய்த்தாலும் எதனால் என்று தெரியாது. மூன்று தொட்டிக்கு மழைநீர், மூன்று தொட்டிக்குக் கிணற்று நீர். மற்றதெல்லாம் ஒன்றே: அதே மண், அதே அளவுத் தொட்டி, அதே வெயில். அல்லது நீரை ஒன்றாக வைத்துக் கத்தரிப்பை மாற்றுங்கள். முசுக்கொட்டை புதுத் தளிரோடுதான் பூ விடும். மூன்றை வெட்டி இலையுருவி விட்டு, மூன்றை அப்படியே விட்டால், எது எப்போது காய்க்கிறது என்று நாள் எண்ணலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு என்னிடம் வந்து காரணம் கேட்காதீர்கள்.

இந்த ஊரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களில் பலருக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. விடுமுறைக்கு வரும் சித்தப்பாவிடம் ராஸ்பெரி விதையோ, கறுப்புக் கரண்ட் குச்சியோ கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். முதலாவதாக, பயன் இல்லை. அவற்றின் வழக்கமான வகைகள் பலவற்றுக்கும் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் தூங்கி எழுந்தால்தான் சரியாகப் பூக்க முடியும். புதுச்சேரியில் ஆண்டுக்கு அத்தகைய மணி நேரம் எத்தனை? பூச்சியம்! இரண்டாவது காரணம் பெரியது. அயல்நாட்டு விதையையும் செடியையும் அனுமதிச் சீட்டும் நோயின்மைச் சான்றும் இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி குற்றம். ஒரு விதைப் பொட்டலத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று நினைக்கிறீர்களா? உண்ணிச்செடியை நினைத்துப் பாருங்கள். தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி. 1809 வாக்கில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் அழகுக்காக வைத்தது. சின்னக் கறுப்புப் பழத்தைப் பறவைகள் தின்றன, விதையைக் காடெல்லாம் எச்சமிட்டன. இன்று முதுமலைக் காட்டில் மானுக்குப் புல் முளைக்க இடமில்லாமல் அது அடைத்துக்கொண்டு நிற்கிறது. மணத்தக்காளியை நாம் விதைப்பதில்லை, ஆனாலும் தொட்டியில் முளைக்கிறதல்லவா? மைனாவும் காக்கையும் எல்லாப் பழத்துக்கும் அதே சேவையைச் செய்யும். புதிய பழச்செடி எதுவானாலும் அது எப்படிக் காய்க்கும் என்று கேட்பதற்கு முன், அதை யார் தின்று எங்கே எச்சமிடும் என்று கேளுங்கள். பதில் தெரியாத செடி என்றால் தொடவே வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன்.

வேண்டிய கருவிகள் அதிகமில்லை. சாதாரண வெப்பமானிகள் இரண்டு. ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றினால் ஈரக்குமிழ் தயார். நாற்பது பக்க நோட்டு ஒன்று. முதல் பத்தியில் தேதி, அடுத்ததில் காலை 6 மணி வெப்பநிலை, பிறகு பிற்பகல் 2 மணி, ஈரக்குமிழ், ஊற்றிய நீர் எத்தனை குவளை, புது இலை, மொட்டு, பூ, பழம். ஐப்பசியில் போத்து நட்டுத் தொடங்கினால் அடுத்த ஐப்பசிக்குள் நோட்டு நிறைந்துவிடும். செடி செத்தால் அந்தத் தேதியையும் அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள், கோடு போட்டு மூடிவிடாதீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் அளக்கவில்லை என்றால் அந்த நான்கு வரியும் காலியாகவே இருக்கட்டும். திரும்பி வந்து, முன்னும் பின்னும் பார்த்து, 21, 21, 20, 21 என்று நிரப்ப வேண்டாம்.